பீடித் தட்டை இறக்கி வைக்க வைத்த தொடர்கள்

பிடித்த டிவி தொடர்கள் எவை, ஏன் பிடிக்கும், காமெடியும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இதை அளக்கத் தனிக் கணக்கே இருந்தது.

திருநெல்வேலி மாவட்டம், முக்கூடல் பக்கம் ஊர். ஆச்சியும் அம்மாவும் பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, தட்டில் தூளும் வெட்டிய இலையும், எதிரே டிவி. கண் அங்கே இருக்கும். கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றும். மாமியார் கொடுமை, மருமகள் அழுகைக்கெல்லாம் காது போதும், வேலை கெடாது. கை நின்றால்தான் அது நல்ல தொடர்.

எனக்குத் தெரிந்து முதலில் கையை நிறுத்தியது, மர்மதேசம் வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. தொண்ணூறுகளின் கடைசி. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். தப்பு செய்தவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிப்பதாக ஊரே நம்பும். வருவது சாமியா, ஆளா என்பதுதான் முடிச்சு. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது திகில் கதையாக இருந்திருக்கலாம். எங்கள் தெருக்கோடியில் சுடலைமாடன் பீடம். வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில், வில்லுப்பாட்டில் மாடன் கதை கேட்டு வளர்ந்த ஆச்சிக்கு இது பக்கத்து வீட்டு விவகாரம். குளம்புச் சத்தம் கேட்டதும் தட்டை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிடுவாள். கடைசியில் முடிச்சு அவிழ்ந்தபோதும் (என்னவென்று சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்) அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "சாமி இல்லாமலா இம்புட்டும் நடந்துச்சு?"

அப்புறம் 'மெட்டி ஒலி'. 2002 முதல் 2005 வரை, 800 பகுதிகளுக்கு மேல். இயக்கிய திருமுருகனே கோபியாக நடிக்கவும் செய்தார். தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்றும் அப்பா சிதம்பரமாக டெல்லி குமார். விஷம் வைப்பது, ஆள் கடத்துவது எதையும் நம்பாமல், சீர், மாப்பிள்ளை முறுக்கு, சம்பந்தி வீட்டுக் குத்தல் பேச்சு என்றே ஓட்டியதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். மூத்த மாப்பிள்ளைகள் வரிசையில் மாணிக்கமாக வந்தவர் சேத்தன். விடாது கருப்பிலும் இருந்தவர்தான். ஆச்சிக்கு அதெல்லாம் கணக்கில்லை. "அம்மக்காரி பேச்சைக் கேட்டு ஆடுதான் பாரு, சவத்து மூதி!" மாணிக்கத்தின் மனைவி சரோ அழுத ஒரு நாள், வந்த கோபத்தில் நூலை இறுக்க மறந்துவிட்டாள். மறுநாள் பீடிக் கடையில் இரண்டு கட்டுகளைக் கழித்துவிட்டார்கள். அதற்கும் திட்டு வாங்கியது சேத்தன்தான்.

காமெடி என்றால் 'லொள்ளு சபா', சந்தேகமே இல்லை. 2003இல் விஜய் டிவியில் தொடங்கியது. கிண்டல் செய்யப்படும் படங்களில் பாதியை ஆச்சி பார்த்ததே இல்லை. சந்தானம் பேசுவதற்கு நான் சிரிப்பேன், மனோகர் கையை வீசி நெளிந்து வருவதற்கு அவள் சிரிப்பாள். அது ஓடும் நேரத்தில் பத்து பீடிகூடத் தேறாது.

ஒரு குறையும் உண்டு. திருநெல்வேலிக்காரர் என்று எந்தத் தொடரில் யாரைக் காட்டினாலும், வாக்கியத்துக்கு நாலு 'ஏலே' போட்டு அல்வாப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே பெரியவர்களைப் பார்த்து 'ஏலே' சொன்னால் கன்னம் பழுத்துவிடும்.

சமீபத்தில் 'எதிர்நீச்சல்' பிடித்திருந்தது, மாரிமுத்துவுக்காக. அந்த "இந்தாம்மா ஏய்" அதட்டலை வைத்து ஊரே மீம் போட்டது. எனக்கு என் பெரிய மாமாவைப் பார்த்த மாதிரி இருந்தது. 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்தபிறகு தொடர்ந்து பார்க்க மனம் வரவில்லை.

ஆச்சி இப்போது இல்லை. அம்மாவும் பீடி சுற்றுவதை விட்டு வருடங்களாகிறது. 'விடுதலை' படத்தில் சேத்தன் கொடுமைக்காரப் போலீஸ் அதிகாரியாக வந்ததும் அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சி அன்னைக்கே சொன்னால்லா!"