கோத்தகிரிப் பாட்டி சொன்ன 'பேட்டிஸ்' நம் பப்ஸ்தானா?

டெல்லிக்காரரைக் கேட்டால் ஆமாம் என்பார். அங்கே பேக்கரி பப்ஸுக்கே பேட்டிஸ் என்று பெயர். மும்பையில் அது பட்டாணிக் குழம்பு ஊற்றித் தின்னும் உருளைக்கிழங்குத் தட்டை.

உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர் என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்த தேயிலைத் தொழிலாளர்கள் பலர். இலங்கையில் 'பற்றிஸ்' என்றால் மீனும் கிழங்கும் காரமாகப் பிசைந்து உள்ளே வைத்து, சோமாசி போல மடித்து எண்ணெயில் பொரிப்பது. ஓவனுக்கு வேலையே இல்லை.

பர்கருக்குள் இருக்கும் இறைச்சி வட்டுக்கும் 'பேட்டி' (patty) என்ற இதே ஆங்கிலச் சொல்தான். மேல்மாவே இல்லாததற்கு இந்தப் பெயர் என்பது எனக்கு இன்னும் வேடிக்கை.

பேக்கரியில் மட்டும் பப்ஸ் என்றே கேளுங்கள். ஒன்றே ஒன்று வாங்கினாலும் அந்த 'ஸ்' போகாது.