டர்ஹாம் பேராலயப் படத்தின் செம்பழுப்பு வானம்

வணக்கம் நண்பரே. ஆங்கில நீர்வண்ண ஓவியர் தாமஸ் கெர்ட்டினின் டர்ஹாம் பேராலயப் படத்தைப் பார்த்து வரைகிறீர்கள், வானத்தின் செம்பழுப்பு மட்டும் உங்களுக்குச் சேறாகவே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். குறை உங்கள் கையில் இல்லை. அந்த நிறத்தை அவரே வேண்டுமென்று பூசியிருக்க வாய்ப்பு குறைவு.

அவர் காலத்தில் மேகச் சாம்பலுக்கு அவுரி நீலத்தையும் செம்மண் நிறத்தையும் கலப்பார்கள். அவுரி வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். செம்மண் அப்படியே நிற்கும். இருநூறு ஆண்டு வெளிச்சத்தில் நீலம் போய்ச் சிவப்பு மிஞ்சிவிட்டது. பாவம், 1802இல் 27 வயதிலேயே இறந்தவர். தன் வானங்கள் இப்படி ஆகும் என்று நினைத்திருக்க மாட்டார்.

அதனால் பிரதியில் தெரியும் நிறத்தைத் துரத்தாதீர்கள். அல்ட்ராமரின் நீலத்தில் கொஞ்சம் லைட் ரெட் என்ற செம்மண் சிவப்பைச் சேருங்கள், அருமையான சாம்பல் கிடைக்கும். இரண்டுமே வெளிச்சத்துக்கு அசையாதவை. ஈரம் காயும் முன் மறுபடி தூரிகையை வைக்காதீர்கள், சேறு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

அப்புறம் தாள். பளிச் வெள்ளை வேண்டாம். அவர் சொரசொரப்பான, லேசாக மங்கிய கார்ட்ரிட்ஜ் தாளை விரும்பியவர். வியர் (Wear) ஆற்றுக்கு மேலே நிற்கும் அந்தக் கோபுரங்களை அகலமான பூச்சில் முதலில் நிறுத்துங்கள், சன்னல்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.