எஞ்சினின் நிறம்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் பவுண்டரி நினைவுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். பதினோரு ஆண்டுகளாக மிச்சிகனில் டிராய் நகரில் இருக்கிறேன். சென்ற ஆகஸ்டில் வுட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலத்துக்கு மகனை அழைத்துப் போயிருந்தேன். அன்றிலிருந்து அவனுக்கு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் விற்ற பான்டியாக் கார்களின் மேல் பித்து. 2005-ஆம் ஆண்டுப் பான்டியாக் ஜிடிஓ ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வருகிறது. வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இப்படிப்பட்ட ஒரு பெயரை 2009-ல் அரசாங்கம் ஏன் கொன்றது? புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், காப்பீட்டுக்காரர்களும், ஜப்பான் கார்களும் சேர்ந்து அமெரிக்கக் காரின் ஆண்மையைப் பிடுங்கிவிட்டன என்று இங்கே பலர் சொல்கிறார்கள்; எனக்கும் அப்படித்தான் படுகிறது. பான்டியாக்கின் ஆஸ்டெக் போன்ற அசிங்கமான வண்டிகளும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் பெயரையாவது காப்பாற்றியிருக்கலாம். எஞ்சின் எங்கிருந்து வந்தால் என்ன ஐயா?

ஆர்., டிராய்

*

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கடைசி வரியை எழுதாமல் விட்டிருந்தால், 'வாங்கிக்கொடுங்கள், பையன் மகிழட்டும்' என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். எஞ்சின் எங்கிருந்து வந்தால் என்ன என்ற கேள்வியை, கோவையில் ஒரு பவுண்டரியில் பதினெட்டு ஆண்டுகள் இரும்புக் குழம்பின் அனலில் நின்றவனிடம் கேட்டிருக்கிறீர்கள். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அரசாங்கம் கொன்றது என்பதை முதலில் ஒதுக்கிவிடுவோம். 2009 ஏப்ரல் 27 அன்று, ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுப்பதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், பான்டியாக்கை மூடப்போவதாக நிறுவனத்தின் தலைவர் ஃப்ரிட்ஸ் ஹெண்டர்சன் அறிவித்தார். கடன் கொடுத்த அரசாங்கம் செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்கியது உண்மைதான். சீனாவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவான ப்யூக் பிழைத்தது. பான்டியாக்குக்கு அப்படி ஒரு புகலிடம் இல்லை. இறப்புச் சான்றிதழில் கையெழுத்திட்ட மருத்துவரின் மேல் யாரும் கொலைப்பழி போடுவதில்லை. ஆஸ்டெக்கைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. அழகில்லாத வண்டியை எல்லா நிறுவனமும் ஒருமுறையாவது செய்திருக்கிறது.

பான்டியாக் எழுந்த கதையை மகனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 1926-ல் ஓக்லண்ட் என்ற காருக்கு விலை குறைந்த தம்பியாகப் பிறந்தது பான்டியாக். சில ஆண்டுகளிலேயே அண்ணன் மறைந்து தம்பி நிலைத்துவிட்டான். அது தயாரான ஊரின் பெயரே அதன் பெயர். அந்த ஊருக்கோ, 1763-ல் ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் தொடுத்த ஒட்டாவா குலத் தலைவரின் பெயர். இவ்வளவு வீரமான பெயரை வைத்துக்கொண்டு, முதல் முப்பது ஆண்டுகள் அது நிதானமான நடுவயதுக்காரர்களின் வண்டியாகத்தான் ஓடியது. 1956-ல் செமன் நுட்சன் என்பவர் தமது நாற்பத்து மூன்றாம் வயதில் அந்தப் பிரிவின் பொறுப்புக்கு வந்து, 1935-லிருந்து பானட்டின் மேல் வெள்ளிக் கோடுகளாக ஓடிக்கொண்டிருந்த குரோமியப் பட்டைகளை முதல் காரியமாகப் பிடுங்கி எறிந்தார். ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஓல்ட்ஸ்மொபீலிலிருந்து எஸ்டெஸையும், பாக்கர்ட் என்ற கார் நிறுவனத்திலிருந்து ஜான் டிலோரியனையும் கொண்டுவந்தார். 1959-ல் சக்கரங்களுக்கிடையிலான அகலத்தை ஏறத்தாழ ஐந்து அங்குலம் கூட்டி, தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும் காரை வெளியிட்டார்கள். 1960-களின் பெரும்பகுதியில் விற்பனையில் ஷெவ்ரலேவுக்கும் ஃபோர்டுக்கும் அடுத்த மூன்றாம் இடத்தில் பான்டியாக் நின்றது.

ஜிடிஓ பிறந்ததோ, விதியை மீறாமல் விதியைச் சுற்றிக்கொண்டு போன கதை. 1963 ஜனவரியில் பந்தயங்களிலிருந்து விலகிக்கொள்ளும்படி ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் தன் பிரிவுகளுக்கு உத்தரவிட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள எஞ்சின் கூடாது என்பதும் அங்கே விதி. டிலோரியனும் அவருடைய பொறியாளர்கள் பில் காலின்ஸும் ரஸ் ஜீயும், பெரிய பான்டியாக்கில் ஓடிக்கொண்டிருந்த 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்ற சின்னக் காரில் இறக்கிப் பார்த்தார்கள். டெம்பெஸ்டின் எஞ்சினுக்கும் அதற்கும் வெளி அளவு ஒன்றுதான் என்பதால் அது சண்டையில்லாமல் உட்கார்ந்தது. புதிய மாதிரிக்குத்தானே மேலிடத்தின் அனுமதி வேண்டும், வாடிக்கையாளர் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதிக்கு வேண்டாமே என்று, 300 டாலருக்குச் சற்றுக் குறைவான ஒரு 'வசதி'யாக அதை விலைப்பட்டியலில் செருகிவிட்டார்கள். 5,000 விற்றால் போதும் என்று தொடங்கியது, 1964-ல் மட்டும் 32,450 விற்றது. மேலிடம் அதற்குப் பிறகு விதியைப் பற்றிப் பேசுமா?

ஜிடிஓ என்ற பெயரை ஃபெராரியிடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும், ஒரு கார்ப் பத்திரிகைக்கு ஓட்டிப்பார்க்கக் கொடுத்த வண்டியில் 389-க்குப் பதிலாக 421 கன அங்குல எஞ்சினை ஒளித்துவைத்திருந்ததாக விளம்பரத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டதையும் சேர்த்தே சொல்லுங்கள். பையன் அவர்களைத் தெய்வங்களாக்கிவிடக் கூடாது.

2016-ல் மகளுடன் சில மாதங்கள் உங்கள் பக்கத்தில்தான் இருந்தேன். நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் குடியிருந்தார். மாலை நடையில் பார்த்துத் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஒருநாள் அவர் கராஜின் கதவு திறந்திருந்தது. உள்ளே 1966 ஜிடிஓ பானட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்று கார்புரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றுக்குக் கீழே வெளிர்நீலத்தில் எஞ்சின். நான் வாசலிலேயே நின்றுவிட்டதைப் பார்த்து அவர் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். என் ஆங்கிலம் அவருக்குப் பாதி, அவருடைய உச்சரிப்பு எனக்குப் பாதி. பவுண்டரியில் வேலை பார்த்தவன் என்பதை எப்படியோ புரியவைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு டார்ச்சை எடுத்து, எஞ்சினின் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் இறங்கும் இடத்துக்கு அருகே அடித்தார். இரும்பில் புடைத்த எழுத்துகள்: சி156. அவர் விளக்கத் தேவையே இருக்கவில்லை, ஆர். சி என்றால் மூன்றாம் மாதம், 15 என்றால் தேதி, 6 என்றால் ஆண்டு. 1966 மார்ச் 15 அன்று, பான்டியாக் நகரில் அந்தப் பிரிவுக்கே சொந்தமான வார்ப்பாலையில் ஊற்றிய இரும்பு அது. எங்கள் பவுண்டரியிலும் தினம் காலையில் ஷிப்ட் தொடங்கியதும் யாராவது ஒருவர் மணலில் அச்சுப் பதிக்கும் பேட்டர்னில் தேதி எழுத்தைக் கழற்றி மாற்றிவைப்பார். மறந்தால் அன்றைய வார்ப்பு முழுவதும் நேற்றுப் பிறந்ததாகிவிடும். விரலால் தடவிப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் மணலின் சொரசொரப்பு அப்படியே இருந்தது.

அந்த வார்ப்பாலையில்தான் தாம் இளைஞனாக வேலைக்குச் சேர்ந்ததாகச் சொன்னார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் 1984-ல் இரும்பு தெறித்த தழும்பு இருக்கிறது. தம்முடைய சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி அவருடையதைக் காட்டினார், என்னுடையதைவிடப் பெரியது.

நிறத்தின் கணக்கை எனக்குச் சொன்னவர் அவர்தான். அந்த நாட்களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒவ்வொரு பிரிவும் தன் எஞ்சினைத் தானே வடித்துத் தன் நிறத்தைப் பூசியது. பான்டியாக் நீலம், ஷெவ்ரலே ஆரஞ்சு, ஓல்ட்ஸ்மொபீல் தங்கநிறம், ப்யூக் பச்சை. பானட்டைத் தூக்கியதும் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். இதை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். 1955-ல் வந்த பான்டியாக்கின் வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சின், 287 கன அங்குலத்தில் தொடங்கி 455 வரை வளர்ந்தபோதும் ஒரே குடும்ப முகத்தோடு வளர்ந்தது. அதனால்தான் பெரிய காரின் எஞ்சினைச் சின்னக் காரில் இறக்குவது ஒரு வார இறுதி வேலையாக அவர்களுக்கு முடிந்தது. சொந்த எஞ்சின் இருந்ததால் துடுக்கு இருந்தது. எதை எங்கே கூட்டலாம், எது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த ஆட்கள் அதே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

1970-களின் பிற்பகுதியில் எல்லாப் பிரிவுகளின் எஞ்சின்களுக்கும் ஒரே நிறம் என்று முடிவாயிற்று. அதுவும் ஒரு நீலம்தான் என்பது கிழவரின் கசப்பான சிரிப்பு. அதற்கு முன்பே உள்ளே எஞ்சின்கள் பிரிவுக்குப் பிரிவு கலந்துவிட்டிருந்தன. 1977-ல் ஓல்ட்ஸ்மொபீல் வாங்கியவர்கள் பானட்டைத் திறந்து உள்ளே ஷெவ்ரலே எஞ்சின் இருப்பதைக் கண்டு வழக்குப் போட்டார்கள். நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டுகளில், உங்கள் மகன் சுவரில் ஒட்டிவைத்திருக்கக்கூடிய, பானட்டில் சிறகு விரித்த பறவை வரைந்த, ஃபயர்பேர்ட் வரிசையைச் சேர்ந்த ட்ரான்ஸ் ஆம் கார்களில் ஒரு பகுதிக்கு ஓல்ட்ஸ்மொபீலின் 403 எஞ்சினை வைத்தார்கள். பான்டியாக்கின் 400-ம் அதுவும் லிட்டர் கணக்கில் 6.6 என்பதால், வெளியே எழுதிய எண் பொய்யாகவும் இல்லை. கொடுமை என்னவென்றால் அப்போதுதான் விற்பனை உச்சத்தில் இருந்தது. 1978 மாதிரியில் ஏறத்தாழ 9 லட்சம் கார்கள். விற்பனைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எந்த நோயும் தெரிந்திருக்காது. 1981-ல் பான்டியாக்கின் கடைசி வி8 எஞ்சினும் நின்றது. அடுத்த ஆண்டின் புதிய ஃபயர்பேர்டில் வி8 கேட்டவருக்குக் கிடைத்தது ஷெவ்ரலேவின் எஞ்சின். என் கணக்கில் பான்டியாக் இறந்த ஆண்டு 1981-தான். மீதி இருபத்தெட்டு ஆண்டுகள் பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஷெவ்ரலே கவாலியரைக் கொஞ்சம் முகம் திருத்தி ஒரு பான்டியாக், ஷெவெட்டைத் திருத்தி இன்னொரு பான்டியாக், கதவுகளின் கீழே பிளாஸ்டிக் வரிகள், 'நாங்கள் பரவசத்தைக் கட்டுகிறோம்' என்று விளம்பரம்.

1984-ல் வந்த ஃபியரோ மட்டும் ஒரு விதிவிலக்கு. பான்டியாக்கின் சொந்த நான்கு சிலிண்டர் எஞ்சினை நடுவில் வைத்த இரண்டு இருக்கைக் கார். போதிய பணம் கொடுக்காமல் செய்யச் சொன்னார்கள். சில வண்டிகள் தீப்பிடித்தன. 1988-ல் சஸ்பென்ஷனைச் சரியாக்கிய அதே ஆண்டில் நிறுத்தினார்கள்.

நீங்கள் கெட்டிக்காரராக இருந்திருந்தால் கனடாவைக் காட்டி என்னை மடக்கியிருக்கலாம். அங்கே விற்ற பெரிய பான்டியாக்குகள் பல ஆண்டுகள் ஷெவ்ரலே சேசிஸும் ஷெவ்ரலே எஞ்சினும் கொண்டவை, நன்றாகவும் விற்றன. 1959-ல் அமெரிக்காவின் அகன்ற உடலைக் குறுகிய ஷெவ்ரலே சேசிஸின் மேல் ஏற்றியதால், அவை அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்ட பையனைப்போலச் சக்கரங்களை உள்ளே இடுக்கிக்கொண்டு நின்றன. ஆனால் அங்கே பான்டியாக் என்றால் ஷெவ்ரலேவைவிடச் சற்று மேலான குடும்பக் கார் என்றுதான் பொருள். வேகத்தின் பெயரால் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் கொடுத்தார்கள்.

இப்போது உங்களைத் திட்டவேண்டிய இடத்துக்கு வருகிறேன். 'ஆண்மையைப் பிடுங்கிவிட்டன' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மகனை வளர்ப்பவர் எழுதும் வாசகமா இது? 1971-ல் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடுவதற்காக. அந்த ஈயம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நினைக்கிறீர்கள்? வுட்வர்ட் சாலையோரக் குழந்தைகளின் மூச்சில். 1972-ல் குதிரைத்திறன் திடீரென்று விழுந்ததாகச் சொல்பவர்களிடம், அந்த ஆண்டு அளக்கும் முறையே மாறியது என்று சொல்லுங்கள்; அதுவரை விசிறி, சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றிவைத்து அளந்த எண்ணையே விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கைகட்டி நின்ற 1973-லும் 1974-லும் அந்தச் சட்டங்களுக்கு உட்பட்டே சூப்பர் ட்யூட்டி 455 என்ற எஞ்சினைப் பான்டியாக் ஆட்கள் செய்து காட்டினார்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் வந்தது, ஆனால் வந்தது. எஞ்சின் தெரிந்தவர்களுக்குச் சட்டம் ஒரு கணக்கு. தெரியாதவர்களுக்கு அது சாக்கு. நீங்களே பொறியாளராக இருக்கக்கூடும், எப்படி இந்தப் புலம்பலில் சேர்ந்தீர்கள்? காப்பீட்டுக்காரர்கள் இளைஞர்களிடம் கட்டணத்தை ஏற்றியதும், 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் உண்மையான அடிகள், மறுக்கவில்லை. அந்த அடிகள் ஷெவ்ரலேவுக்கும் விழுந்தன.

நீங்கள் கேட்ட கார். 2004 முதல் 2006 வரை விற்ற அந்த ஜிடிஓ ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் நிறுவனம் செய்த மொனாரோ. 2005-ல் அதில் வைத்தது ஷெவ்ரலேவின் கார்வெட்டிலும் ஓடிய 6 லிட்டர், 400 குதிரைத்திறன் எஞ்சின். என் வாதத்தின்படி அது பான்டியாக்கே இல்லை. ஆனால் 1966-ன் எந்த ஜிடிஓவும் அதை ஒரு வளைவில்கூட முந்த முடியாது, பிரேக் போட்டால் நிற்கும், பையனும் உயிரோடு வீடு திரும்புவான். வாங்குங்கள். வாங்கும்முன் பையனை அழைத்துப்போய்ப் பானட்டைத் திறந்து காட்டுங்கள். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அலுமினிய எஞ்சின் தெரியும். எந்த நிறமும் பூசியிருக்காது. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடிப்பாகத்தைப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சாலையில் பனிக்காலத்தில் போடும் உப்பு இருபது ஆண்டில் என்னவெல்லாம் செய்திருக்கும் என்பது மேலே பார்த்தால் தெரியாது. ஒரு ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பார்க்கவேண்டும்.

அன்புடன்.