ஊதாச் சாயம் தந்த பெர்கின்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வில்லியம் ஹென்றி பெர்கின் மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய்ச் சாயத்தைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள். கல்லூரி மாணவருக்கு அந்தத் துணிச்சல் எப்படி வந்தது?

பதில்: எண்ணம் அவருடைய ஆசிரியர் ஹாஃப்மனுடையது. 1838இல் லண்டன் ஷாட்வெல்லில் பிறந்த பெர்கின், 15 வயதில் ராயல் வேதியியல் கல்லூரியில் அவரிடம் சேர்ந்தார். அன்றைக்கு ஒரு சேர்மத்தில் எந்த அணு எத்தனை என்று எண்ணத் தெரியும். அவை எப்படிக் கோத்திருக்கின்றன என்பது தெரியாது. அல்லைல் டொலுயிடின் என்ற சேர்மத்தின் மூலக்கூறுகள் இரண்டை எடுத்து, மூன்று ஆக்சிஜன் அணு சேர்த்து, ஒரு மூலக்கூறு தண்ணீரைக் கழித்தால் மலேரியா மருந்தான குயினைனின் கணக்கு அப்படியே வந்துவிடும். அதை நம்பி 1856 ஈஸ்டர் விடுமுறையில், வீட்டு மாடியில் வைத்திருந்த ஆய்வகத்தில் இறங்கினார். கிடைத்தது செம்பழுப்பு வீழ்படிவு. குயினைனின் அமைப்பே 1908இல்தான் தெளிவானது. எனவே அந்த வழி பலித்திருக்க வாய்ப்பே இல்லை.

கேள்வி: பிறகு ஊதா எங்கிருந்து வந்தது? செய்முறையைச் சொல்ல முடியுமா?

பதில்: தோற்றுப்போன சோதனையை விட்டுவிடாமல், அல்லைல் டொலுயிடினைவிட எளிய அனிலின் என்ற சேர்மத்தில் அதே வினையை நடத்திப் பார்த்தார். கறுப்புப் பொடி வந்தது. பலர் கொட்டியிருப்பார்கள், அவர் அதை ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தார், ஊதா இறங்கியது. 1856 ஆகஸ்ட் 26 தேதியிட்ட காப்புரிமையில் முறை இப்படி: அனிலின் சல்பேட்டின் குளிர்ந்த நீர்த்த கரைசலையும் பொட்டாசியம் டைகுரோமேட்டின் குளிர்ந்த கரைசலையும் கலந்து 10 அல்லது 12 மணி நேரம் விட வேண்டும். கறுப்புப் பொடியை வடிகட்டி, பொட்டாசியம் சல்பேட் போகும்வரை நீரில் கழுவி, 100 டிகிரி செல்சியஸில் உலர்த்த வேண்டும். பிறகு கரித்தார் நாப்தா என்ற கரைப்பானில் திரும்பத் திரும்ப ஊறவைத்துப் பழுப்புப் பிசினை நீக்க வேண்டும். எஞ்சியதை ஆல்கஹாலில் கரைத்து, ஆல்கஹாலை வாலையில் வடித்து எடுத்தால் அடியில் சாயம் நிற்கும். பொடியின் பெரும்பகுதி கழிவுதான். சாயம் கொஞ்சமே தேறும்.

முயல்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அனிலின் சுத்தமாக இருந்தால் இந்தச் சாயம் வராது. பெர்கினின் அனிலினில் அதன் உறவுச் சேர்மங்களான ஆர்த்தோ, பாரா டொலுயிடின்கள் கலந்திருந்தன. மாவீன் என்று பெயர் பெற்ற இந்தச் சாயத்தின் மாவீன் ஏ என்ற கூறுக்கு அனிலின் இரண்டு பங்கும் அந்த இரு டொலுயிடின்களில் ஒவ்வொரு பங்கும் வேண்டும். மாவீன் ஏ, பி இவற்றின் சரியான அமைப்பு 1994இல்தான் வெளியானது. வீட்டில் இதைச் செய்யவே கூடாது. அனிலின் தோல் வழியாகவே உடலில் ஏறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். ஆர்த்தோ டொலுயிடினும் டைகுரோமேட்டும் புற்றுநோய் உண்டாக்குபவை.

கேள்வி: தற்செயலாகக் கிடைத்த அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு புகழ் தேவையா?

பதில்: தற்செயல் அந்தக் குடுவையோடு முடிந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரச் சாயப்பட்டறைக்காரர் புல்லர், 1856 ஜூன் 12 தேதியிட்ட கடிதத்தில் விலை கூடாமல் இருந்தால் இது மிக மதிப்புள்ளது என்று ஊக்கம் தந்தார். ஆனால் அனிலினை அன்று யாரும் டன் கணக்கில் விற்கவில்லை. அதைச் செய்யத் தேவையான பென்சீன் கிளாஸ்கோவிலிருந்து வர வேண்டியிருந்தது. தரம் மோசமாக இருந்ததால் மறுபடி வடித்தார்கள். பென்சீனை வடிப்பது விளையாட்டல்ல. அதே கல்லூரியில் பயின்ற மான்ஸ்ஃபீல்ட் 1855இல் வாலை பொங்கித் தீப்பிடித்து உயிரிழந்திருந்தார். பென்சீனை நைட்ரோபென்சீன் ஆக்கும் அளவுக்கு வலுவான நைட்ரிக் அமிலம் மொத்தமாகக் கிடைக்காததால், சோடியம் நைட்ரேட்டையும் கந்தக அமிலத்தையும் இரும்புக் கலனிலேயே சேர்த்தார்கள். அந்த வினை சூட்டைக் கக்குவது; கொஞ்சம் அவசரப்பட்டாலும் கைமீறும். அடுத்து இரும்புத் தூளும் அசிட்டிக் அமிலமும் சேர்த்தால் அனிலின். 1857இல் தந்தை ஜார்ஜின் சேமிப்பையும் அண்ணன் தாமஸின் உழைப்பையும் நம்பி கிரீன்ஃபோர்டு கிரீனில் தொழிற்சாலை எழுந்தது.

சாயம் வந்தும் சிக்கல் தீரவில்லை. பட்டில் சட்டென்று ஏறித் திட்டுத் திட்டாக நின்றது. சோப்புக் கரைசலில் சாயமேற்றியபின் நிறம் சீரானது. பருத்தியிலோ பிடிக்கவே இல்லை. டானின் என்ற துவர்ப்புப் பொருளை ஏற்றி, வெள்ளீய உப்பில் முக்கியெடுத்த பிறகே நின்றது. இதையெல்லாம் தீர்த்தபோது அவருக்கு வயது இருபதைச் சுற்றித்தான். என் கணக்கில் அவருடைய புகழ் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: 36 வயதில் தொழிலை ஏன் விற்றார்?

பதில்: நஷ்டத்தில் அல்ல. மஞ்சிட்டி வேர்ச் சிவப்பான அலிசரினுக்கு 1869 ஜூன் 26 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஜெர்மன் வேதியியலாளர்கள் காரோ, கிரேபே, லீபர்மன் மூவரும் அதற்கு முந்தைய நாளே விண்ணப்பித்திருந்தார்கள். உடன்பாட்டில் பிரிட்டன் சந்தை அவருக்குக் கிடைத்தது. 1870இல் 40 டன், 1871இல் 220 டன் உற்பத்தி. ஜெர்மனியோடு போட்டியிட ஆலையைப் பல மடங்கு பெருக்க வேண்டும். அவருக்கோ ஆராய்ச்சியில்தான் மனம். 1874இல் விற்றார்.

கேள்வி: பாடத்தில் வரும் பெர்கின் வினை இவருடையதா? எங்கள் ஆய்வகத்தில் சின்னமிக் அமிலம் சுத்தமாக வருவதில்லை.

பதில்: இவருடையதுதான். பென்சால்டிஹைடு, அசிட்டிக் அன்ஹைட்ரைடு, சோடியம் அசிட்டேட் மூன்றையும் 180 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடாக்குவது. அசிட்டேட்டை உருக்கி உலர்த்தாமல் போட்டால் ஈரம் அன்ஹைட்ரைடைத் தின்றுவிடும். மீந்த பென்சால்டிஹைடை நீராவியில் வடிக்கும் முன் கரைசலைக் காரமாக்கச் சோடியம் கார்பனேட்டையே பயன்படுத்துங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் பென்சால்டிஹைடின் ஒரு பகுதி பென்சாயிக் அமிலமாகி, விளைபொருளோடு கலந்துவிடும். சுத்தமான சின்னமிக் அமிலம் 133 டிகிரியில் உருகும். உங்களுடையது அதற்கு வெகு கீழேயே இளகினால் இந்தக் கலப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.