முன்பணத்துக்கு நகையைத் திருப்பி வைக்கலாமா?

கேள்வி: நான் கோவையில் பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். கைக்கு வரும் சம்பளம் ரூ.72,000. தனியார் பள்ளி ஆசிரியையான என் மனைவிக்கு ரூ.26,000. வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் கட்டணம், பெற்றோருக்கு அனுப்புவது, வீட்டுச் செலவு எல்லாம் போக மாதம் ரூ.19,000 மிஞ்சுகிறது. 2016-இல் வாங்கிய பெட்ரோல் கார் மாதம் 1,100 கி.மீ. ஓடுகிறது, லிட்டருக்கு 15 கி.மீ. தருகிறது. டாடா நெக்ஸான் இவி-யை அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்ததிலிருந்து வேறு வண்டி மனதில் நிற்கவில்லை. 45 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள வண்டி ஆன்ரோடு ரூ.17 லட்சம் வருகிறது. ரூ.13 லட்சத்துக்கு 9% வட்டியில் ஏழு ஆண்டுக் கடன் கிடைக்கும். மீதி 4 லட்சத்துக்கு, ஏற்கெனவே வங்கியில் அடகில் இருக்கும் மனைவியின் 16 பவுன் நகையைக் கூடுதல் தொகைக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் (இப்போது 6 லட்சம் கடன் நிற்கிறது, வட்டி 9.5%). ஒவ்வோர் ஆண்டும் கைமாற்று வாங்கி வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிடுகிறோம். இதே வண்டி வைத்திருக்கும் மச்சான், பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை போய்விடும் என்கிறார். 30 கிலோவாட் ஹவர் பேட்டரியா, 45-ஆ? பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டம் லாபமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் டார்க் (இழுவிசை), ரீஜென் (வேகம் குறையும்போது பேட்டரிக்கே மின்சாரத்தைத் திருப்பும் வசதி), சார்ஜிங் நேரம் என்று போகிறது, நகைக் கடனைப் பற்றி இருப்பது மூன்றே வரி. அந்த மூன்று வரியில்தான் எனக்கு வேலை இருக்கிறது என்றாலும், நீங்கள் கேட்டதை முதலில் பேசிவிடுகிறேன்.

நல்ல வண்டிதான். நான்கு மீட்டருக்குள் அடங்கும் நீளம், முன் சக்கரங்களை இயக்கும் மோட்டார், 215 நியூட்டன் மீட்டர் டார்க், பாரத் என்கேப் விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம். பெட்ரோல் வண்டியில் கியரை மாற்றி எஞ்சின் வேகம் பிடிக்கும் வரை காத்திருந்து பழகியவருக்கு, மிதித்த அந்த நொடியிலேயே முழு இழுவிசையும் சக்கரத்துக்கு வந்துவிடும் மின்சார வண்டி முதல் நாளில் மயக்கம் தரத்தான் செய்யும். நிறுவனம் சொல்லும் 8.9 வினாடியில் 100 கி.மீ. வேகத்தை மேம்பாலத்தில் ஸ்போர்ட் மோடில் உணர்ந்திருப்பீர்கள். ஆனால் வண்டி உங்களிடம் வந்த பிறகு சிங்காநல்லூர் சிக்னலில் ஈக்கோ மோடில், ரீஜென்னைக் கூட்டி வைத்து, பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். அப்படி ஓட்டினால்தான் ஒரு யூனிட்டுக்கு ஏழு கி.மீ. கிடைக்கும், நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டி விரட்டினால் அது கண்ணெதிரே குறையும். 45 பேட்டரி ஒரு முழு சார்ஜில் 489 கி.மீ. ஓடும் என்பது சோதனைக் கூடத்து எண். நடைமுறையில் 350 முதல் 370 கி.மீ. என்று நிறுவனமே சொல்கிறது. கணக்குக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்றாட ஓட்டம் 40 கி.மீ.க்குள். அதற்கு 30 கிலோவாட் ஹவர் பேட்டரியே நான்கைந்து நாள் தாங்கும். ஆண்டுக்கு நான்கு முறை மதுரைக்குப் போகும்போது வழியில் நிற்காமல் போகலாம் என்பதற்காகப் பெரிய பேட்டரி வேண்டும் என்கிறீர்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். அதையும் கடனில்தான் எடுக்கிறீர்கள் என்பதால் மாதம் சுமார் ரூ.2,400, ஆண்டுக்கு ரூ.29,000 ஆகிறது. போக வர எட்டு முறை வழியில் சார்ஜ் போட நிற்பதைத் தவிர்க்க இத்தனை பணம் என்றால், ஒரு நிறுத்தத்துக்கு ரூ.3,600. தாராபுரத்தில் ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம்.

அடுத்து மச்சானின் கணக்கு. ரூ.13 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் ரூ.20,900. உங்களுடைய இன்றைய பெட்ரோல் செலவு, லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால், 7,500-ஐத் தொடாது. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மின்சார வண்டிக்கு மாதம் 175 யூனிட் ஆகும். இதை நீங்கள் யூனிட் 4.80 என்று போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். நீங்கள் அனுப்பிய மின் கட்டண ரசீதில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் இருக்கிறது. வண்டி வந்தால் அது 770 ஆகும். 500-ஐத் தாண்டியதுமே முதல் யூனிட்டுகளுக்கான கட்டணச் சலுகையில் ஒரு பகுதி போய்விடுவதோடு, வண்டிக்கான யூனிட்டுகள் பெரும்பாலும் 8.40, 9.45 ரூபாய் படிகளில் போய் உட்காரும். ரசீது சுமார் 1,300-இலிருந்து 4,500-க்கு ஏறும், அதாவது மாதம் ரூ.1,600 கூடுதல். ஆக, எரிபொருளில் மிச்சம் ரூ.5,900. சர்வீஸ் செலவு குறைவதைச் சேர்த்தால் ஆறாயிரத்துச் சொச்சம். தவணையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இது தாண்டாது. மச்சான் பொய் சொல்லவில்லை. மாடியில் சோலார் போட்டு மாதம் 2,500 கி.மீ. ஓடுகிறவருக்கு அந்தக் கணக்கு வேறு.

பேட்டரி வாடகை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024-இல் எம்ஜி விண்ட்சர் என்ற மின்சார கார் வந்தபோது, வண்டியின் விலையைக் குறைத்து, பேட்டரிக்குக் கி.மீ.க்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தார்கள். உங்கள் 1,100 கி.மீ.க்கு அது ரூ.3,850, மின் கட்டணமும் சேர்ந்தால் 5,450. பெட்ரோலில் மிச்சமாகும் என்று நினைத்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். அந்தத் திட்டத்தின் பின்னாலும் ஒரு நிதி நிறுவனம்தான் நிற்கிறது. வாடகை என்று அழைத்தால் கடன் இல்லாமல் போய்விடாது. வரிச் சலுகை பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மின்வாகனக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தில் இருந்த 80இஇபி பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களோடு முடிந்துவிட்டது. ஷோரூமில் யாராவது இன்னும் அதைச் சொன்னால், அவர் தரும் மற்றக் கணக்குகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இப்போது அந்த மூன்று வரிக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த தாளின்படி 2021-இல் அந்த 16 பவுனுக்கு வாங்கியது ரூ.2.5 லட்சம். அடுத்த ஆண்டு தங்கையின் வளைகாப்புச் சீருக்காக 3.2 ஆனது. 2023-இல் தம்பியின் கடை அட்வான்ஸுக்கு 4.2, பிறகு 5.1, இப்போது 6. தங்கம் ஏற ஏற, அதே நகைக்கு வங்கி கூடுதலாகத் தருகிறது. அதை நீங்கள் வருமானம் போலப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். நடப்பது இதுதான்: வட்டிக்கு நண்பரிடம் காலையில் கைமாற்று வாங்குகிறீர்கள், வங்கியில் கட்டுகிறீர்கள், கூடுதல் தொகையோடு புதுப்பிக்கிறீர்கள், மாலையில் அதிலிருந்தே கைமாற்றை அடைக்கிறீர்கள். நான்கு ஆண்டு வட்டி மட்டும் ஏறக்குறைய ரூ.1.42 லட்சம். கடன் கூடியது 3.5 லட்சம், அதில் உங்கள் குடும்பத்தின் கையில் தங்கியது 2.08 லட்சம். மாதம் 19,000 மிஞ்சுகிறது என்கிறீர்களே, ஆண்டுக்கு 2.28 லட்சம் வரும் அந்தப் பணம் எங்கே என்று தாள் முழுக்கத் தேடினேன். அது நிஜமாகவே மிஞ்சியிருந்தால் வட்டிக்குக் கைமாற்று எதற்கு? சீர், அட்வான்ஸ், அவசரம் என்று வீட்டில் யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு, பற்றாக்குறையை நகையில் ஏற்றும் பழக்கம்தான் இங்கே சிக்கல்.

அந்தப் பழக்கத்தின் மேல் இந்த வண்டியை ஏற்றிப் பாருங்கள். நகைக் கடன் 10 லட்சமானால் வட்டி மாதத்துக்கு ரூ.7,900. வண்டித் தவணையில் எரிபொருள் மிச்சத்தைக் கழித்தால் 14,900. இரண்டும் சேர்ந்து 22,800. நீங்கள் சொல்லும் 19,000 முழுதாக இருந்தாலும் மாதம் 3,800 துண்டு விழும். வண்டிக் காப்பீட்டை இதில் நான் சேர்க்கவே இல்லை. அடுத்த ஆண்டும் நகையைத் திருப்பி வைப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது. அது எப்போதும் திறந்திருக்கும் வழியும் அல்ல. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி வைத்த நெறிமுறைகளின்படி, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதமே உச்சம். அசலையும் வட்டியையும் முடிவில் மொத்தமாகத் திருப்பிக் கட்டும் வகைக் கடனாக இருந்தால், முதிர்வு வரையிலான வட்டியும் அந்த 75-க்குள் அடங்க வேண்டும். நீங்கள் 10 லட்சம் வாங்கிய ஆண்டில் தங்கம் கொஞ்சம் இறங்கினாலும், புதுப்பிக்கும்போது வங்கி கேட்கும் வித்தியாசத்தைக் கையிலிருந்து வைக்க வேண்டும்.

ஆகவே 2016 வண்டியை ஓட்டுங்கள். ஒன்பது பத்து வயதான பெட்ரோல் கார் ஒழுங்காக ஓடுகிறது என்றால், இந்த வீட்டில் கடனில்லாமல் இருக்கும் ஒரே சொத்து அதுதான். சம்பளம் வந்த மறுநாள் அந்த 19,000 நகைக் கடன் கணக்குக்குப் போகட்டும். பகுதித் தொகையை வங்கிகள் வாங்கிக்கொள்ளும், கேட்டால் போதும். ஒழுங்காகக் கட்டினால் மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும், போனஸையும் அதில் போட்டால் இன்னும் சீக்கிரம் முடியும். இடையில் தம்பியோ தங்கையோ கேட்டால், நகை இனிக் கிடையாது என்று நீங்களே சொல்ல வேண்டும். அந்தச் சங்கடத்தை நான் எழுதித் தீர்க்க முடியாது. அதன் பிறகு அந்த மாதத் தொகையை இரண்டு ஆண்டு சேர்த்து முன்பணமாக்கிக்கொண்டு, சின்ன பேட்டரி வண்டியையே பாருங்கள். அதற்குள் என்னென்ன வண்டி வருமோ, விலையும் இன்று இருப்பது போல இருக்காது.

ஒன்றை மட்டும் இந்த முறையே செய்துவிடுங்கள். 16 பவுனும் ஒரே கடனில் கிடப்பதால், கடைசி ரூபாய் கட்டும் வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. அடுத்துப் புதுப்பிக்கும்போது அதை நான்கு தனிக் கடன்களாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். சிறியதிலிருந்து ஒவ்வொன்றாக அடைத்தால் முதல் நகை ஓராண்டுக்குள் வீட்டுக்கு வரும். இத்தனை பக்கத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. நகை அவருடையது. அன்றைக்கு அவரும் வங்கிக்கு வந்து, எந்த நகை எந்தப் பொட்டலத்தில் போக வேண்டும் என்பதை அவரே பிரித்துக் கொடுக்கட்டும்.