ஸ்பேனர் போதுமா, ஸ்கேனர் வேண்டுமா? புது டிஃபெண்டர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பதினைந்து வருடமாகப் பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டர் 110 ஓட்டுகிறேன். புதுசுக்கு மாறலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நண்பர்களோ, "அது டிஃபெண்டரே இல்லை, பெயரை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள்" என்கிறார்கள். நீங்கள் இரண்டையும் ஓட்டியவர். என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் நண்பர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. 1947-இல் மாரிஸ் வில்க்ஸ் என்ற பொறியாளர் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை மணலில் கிறுக்கிக் காட்டிய வண்டி அது. மறு வருடம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்தது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புத் தகடு கிடைக்காத காலம் என்பதால் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். அந்தப் பெட்டி உருவம் பெரிதாக மாறாமல் 2016 ஜனவரி 29 வரை சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட வண்டியின் பெயரை, 2019-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அறிமுகமாகி ஸ்லோவாக்கியாவில் தயாராகும் முற்றிலும் வேறான ஒன்றுக்கு வைத்தால் மனசு ஒப்பாதுதான். எனக்கும் ஒப்பவில்லை.

ஆனால் ஓட்டிப் பார்த்தபின் சொல்கிறேன்: கரடுமுரடான பாதையில் போவதில் புதுசு பழசைவிடக் கெட்டிக்கார வண்டி. சாலையில் இரண்டையும் ஒப்பிடவே வேண்டாம். அது பறித்துக்கொண்டது ஒன்றே ஒன்று, வழியில் நின்றுவிட்டால் நம் கையால் சரிசெய்து கிளப்பிவிடும் வசதி. அந்த ஒன்று உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கீழே வேறு வாசகர்கள் கேட்டவற்றையும் படித்துவிட்டு யோசியுங்கள்.

கேள்வி: புதுசில் உடம்பைத் தாங்கும் தனி அடிச்சட்டம், அதாவது சேஸி, கிடையாதாமே? முன்னும் பின்னும் இடது வலது சக்கரங்களை ஒரே தண்டாக இணைக்கும் கட்டை ஆக்சிலும் இல்லை. கார் மாதிரி, உடம்பே சட்டமாகவும் இருக்கும் மோனோகாக் உடம்பு பாறையில் முறுக்கினால் தாங்குமா?

பதில்: நான் முதலில் சோதித்துப் பார்த்ததே இதைத்தான். ஒரு பாறைச் சரிவில், முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்கும்படி வண்டியைக் குறுக்காக நிறுத்தினேன். உடம்பு முறுக்கினால் கதவு பிடித்துக்கொள்ளும். இறங்கி நான்கு பக்கக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாத்தினேன். சமதளத்தில் சாத்துவது போலவே சாத்தின. கதவு இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்தேன், மேலும் கீழும் ஒரே இடைவெளி. வழக்கமான ஏணி சேஸி வண்டிகளைவிட மூன்று மடங்கு விறைப்பான உடம்பு என்று நிறுவனம் சொல்வதை அன்று நம்பினேன்.

ஆக்சில் விஷயத்தில் பழசுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கட்டை ஆக்சில் தராசு மாதிரி. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் மறுபக்கச் சக்கரத்தைத் தானே கீழே அழுத்தும், அதனால் பிடிப்பு போகாது. புதுசில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிறது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இடது வலது காற்றுப் பைகளை இணைத்துவிட்டு அந்தத் தராசு வேலையை ஓரளவு செய்ய வைக்கிறார்கள். அப்படியும் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால், சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து மற்றதற்கு விசையை அனுப்பிவிடுகிறது. பழசில் எந்தச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று இடுப்பாலேயே தெரிந்துகொண்டு ஓட்டினோம். புதுசில் அந்தக் கணக்கை வண்டி போடுகிறது.

ஒரு எச்சரிக்கை. பழசில் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி தரையிலிருந்து எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும். புதுசில் ஆஃப்ரோடு உயரத்தில் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 291 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் இருந்தாலும், வேகமாகப் பள்ளத்தில் இறக்கினால் சஸ்பென்ஷன் அமுங்கி வயிறு தரைக்கு வந்துவிடும். அதனால் குழிப் பாதையில் அவசரப்படக் கூடாது.

கேள்வி: 90 சென்டிமீட்டர் தண்ணீரில் போகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வண்டியை நம்பலாம். தண்ணீரை நம்பாதீர்கள்.

பழசுக்கு அதிகாரபூர்வமான அளவு 50 சென்டிமீட்டர்தான். என் காலில் அது முழங்காலுக்குச் சற்று மேல். 90 என்றால் இடுப்பை எட்டிவிடுகிறது. இதை ஏன் உடம்பில் அளந்து சொல்கிறேன் என்றால், ஆற்றில் இறக்குவதற்கு முன் நான் எப்போதும் கோலை ஊன்றிக்கொண்டு நடந்து அக்கரை போய்த் திரும்புவேன். நடக்கையில் தண்ணீர் காலை இழுத்தால், அங்கே வண்டியை இறக்க மாட்டேன், எவ்வளவு ஆழம் குறைவாக இருந்தாலும் சரி. புது வண்டியின் கதவு ரப்பர்கள் நன்றாக அடைத்துக்கொள்கின்றன. உள்ளே தண்ணீர் வராத பெட்டி மிதக்கப் பார்க்கும், டயரின் பிடி தளரும், அப்புறம் ஓட்டம் அதை எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போகும்.

ஓட்டமில்லாத தண்ணீரில் அதன் வேட் ப்ரோக்ராம், அதாவது தண்ணீரைக் கடப்பதற்கென்றே உள்ள அமைப்பு, அருமையான சங்கதி. போட்டவுடன் வண்டி உயர்கிறது, ஆக்சிலரேட்டர் மெத்தென்று ஆகிறது, உள்காற்றுச் சுழற்சிக்கு மாறிவிடுகிறது. கரையேறியதும் பிரேக்கை லேசாக உரசவிட்டுத் தட்டுகளை உலர்த்திக்கொள்கிறது. பழசில் கரையேறியபின் இடது காலால் பிரேக்கை அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி நாங்கள் செய்த அதே வேலை. அதை உருவாக்கியவர்கள் ஆறு கடந்தவர்கள்தான் என்று அன்று தோன்றியது. உள்ளே போனால் நடை வேகத்தில், நிறுத்தாமல், பானெட்டுக்கு முன்னால் எழும் அலைக்குப் பின்னாலேயே போங்கள்.

கேள்வி: நான் வாரக்கணக்கில் ஆளில்லாத இடங்களுக்குப் போகிறவள். ரிப்பேர் வந்தால் புதுசை நானே பார்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது, சகோதரி. மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை பழைய வண்டியில் போகும்போது, புல்லுக்குள் மறைந்திருந்த கல்லில் மோதி ஸ்டியரிங்கின் ட்ராக் ராடை, அதாவது முன் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் கம்பியை, வளைத்துவிட்டேன். தவறு என்னுடையது. முன் சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றன. மிக அருகில் இருந்த ஒர்க்‌ஷாப் அறுபது கிலோமீட்டர். ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பால் ஜாயின்ட் நட்டையும் கழற்றி, ராடை எடுத்து இரண்டு பாறைக்கு நடுவே செருகி, ஜாக்கிக் கம்பியை நெம்புகோலாகப் போட்டு நிமிர்த்தினேன். முழுசாக நேராகவில்லை. ஒரு கயிற்றை டயரின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் பிடித்து இடைவெளியைச் சரிபார்த்து மாட்டினேன். இரண்டு மணி நேரம் ஆனது. அன்று இரவே வீடு வந்து சேர்ந்தேன்.

புதுசில் 85 வரை கண்ட்ரோல் யூனிட்டுகள், அதாவது குட்டிக் கணினிகள், இருக்கின்றன. காற்றுப் பை, அதற்கு ஒரு கம்ப்ரெஸர், உயரம் பார்க்கும் சென்சார்கள், எல்லாவற்றுக்கும் ஒயர். இதில் ஒன்று பேசாமல் போனால், எது பேசவில்லை என்று தெரிந்துகொள்ளவே வண்டியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஸ்பேனரோடு நிற்பவரால் எச்சரிக்கை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். இது அந்த ஒரு நிறுவனத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். புகை விதிகளும் பாதுகாப்பு விதிகளும் கேட்பதைச் செய்ய இன்று எல்லோரும் இந்த வழியில்தான் போகிறார்கள். ஏர்பேக்கே இல்லாமல் முடிந்துபோன பழைய டிஃபெண்டர் எங்கே, 2020-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய இது எங்கே? மோதல் என்று ஒன்று வந்தால் என் மகள் புதுசில் இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பேன்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: புதுசு வாங்கினால், உங்கள் நாட்டில் காயில் ஸ்பிரிங் உள்ள மாடல் கிடைக்கிறதா என்று பாருங்கள். உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி போகும், இறங்கக்கூடிய தண்ணீர் ஆழமும் குறையும். ஆனால் கெட்டுப்போக ஒரு சங்கதி குறைவு. அப்புறம் குறியீடு படிக்கும் ஒரு சின்ன ஸ்கேனரை வாங்கி, புறப்படுவதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசி கையில் இருக்கட்டும். இரண்டு வாரம் தனியே போவதுதான் உங்கள் வழக்கம் என்றால், நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியை விற்காதீர்கள்.

கேள்வி: 22 அங்குல ரிம் அழகாக இருக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். டயரின் வெளி விட்டம் ஏறக்குறைய அதேதான். ரிம் பெரிதானால் ரப்பர் குறைகிறது. 18 அங்குலத்தோடு ஒப்பிட்டால் பக்கவாட்டில் ஒவ்வொரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் ரப்பர் போய்விடும். மணலில் காற்றைக் குறைத்து ஓட்ட அந்த ரப்பர்தான் வேண்டும். கல்லில் இடித்தால் ரிம்முக்கு முன்னால் அடி வாங்கவும் அதுதான் வேண்டும். பிரேக் அளவு காரணமாகச் சில எஞ்சின் மாடல்களில் சின்ன ரிம் பொருந்தாது, ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: குடும்பத்தில் ஏழு பேர். 110-இல் மூன்றாம் வரிசை வைத்து வாங்கலாமா?

பதில்: பின்வரிசை பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்கள் நீண்ட தூரம் உட்கார முடியாது. எல்லோரும் பெரியவர்கள் என்றால் நீளமான 130-ஐப் பாருங்கள்.

அகலத்தையும் மறந்துவிடாதீர்கள். பழசு 1.79 மீட்டர், புதுசு கண்ணாடிகளைக் கணக்கில் எடுக்காமலே ஏறக்குறைய 2 மீட்டர். மரங்களுக்கு நடுவே பழசு நுழைந்த ஒற்றையடிச் சந்தில் நான் புதுசைப் பின்னோக்கி எடுத்து வந்திருக்கிறேன். ஸ்டெப்னி தொங்கும் பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால் பின்னால் நல்ல இடமும் வேண்டும். வாங்கும் முன் டேப் எடுத்துக்கொண்டு போய், உங்கள் வீட்டு வாசலை கதவு திறந்த நிலைக்கும் சேர்த்து அளந்துவிடுங்கள்.