2147483647 என்ற எண்ணில் என்ன விசேஷம்? ஏன் பல இடங்களில் இதே எண் வருகிறது?

ஏதோ ஒரு பட்டியலில் வரிசையாக இதே எண்ணைப் பார்த்து வயிறு கலங்கித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் அறிமுகம்.

2009, முதல் வேலை. ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளி எஸ்எம்எஸ் அனுப்ப வாடிக்கையாளர் பட்டியல். கடையில் ஒரு அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து, பில் நோட்டுகளைப் பார்த்து ஆயிரத்து எண்ணூறு சொச்சம் பேரை ஏற்றினார். திறந்து பார்த்தால் எல்லார் செல் நம்பரும் 2147483647. அக்கா ஒரே நம்பரை காப்பி பேஸ்ட் செய்துவிட்டார் என்று முதலாளி எதிரிலேயே சொல்லிவிட்டேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தப்பு என்னுடையது. நம்பர் போடும் கட்டத்தை 'இண்ட்' (முழு எண் வகை) என்று வைத்திருந்தேன். அதில் 32 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்க 32 இடங்கள். ஒன்று கூட்டலா கழித்தலா என்பதற்குப் போய்விடும். மீதி 31. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதற்கு மேல் இடமில்லை. அன்று நம் செல் நம்பர்களோ 9-லும் 8-லும் தொடங்கின, எல்லாமே 800 கோடிக்கு மேல். பட்டியலைச் சேமித்த மென்பொருளான அன்றைய மைஎஸ்கியூஎல் இதற்கெல்லாம் சத்தம் போடாது. உச்சவரம்பை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எஸ்டிடி கோடு இல்லாமல் எழுதிய ஆறு இலக்க வீட்டு போன்கள் மட்டும் தப்பித்தன.

'போன் நம்பரை எவனாவது இண்டில் வைப்பானா' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். அப்போது எனக்கு வயது 22, சொல்லித்தரவும் ஆளில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். இது ஒரு பகா எண். கண்ணை மூடிக்கொண்டு சோதித்தால் 46340 வரை உள்ள நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். கணித மேதை ஆய்லர் 1772-ல் வேறு வழி பிடித்தார். இதை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்த எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 தான் வர முடியும். அப்படிப்பட்டவை நூறுகூடத் தேறாது. அதற்குள் அவருக்குக் கண்பார்வையும் ஏறக்குறைய போயிருந்தது. கம்ப்யூட்டரின் எல்லைக்கும் பகா எண் என்பதற்கும் சம்பந்தம் இல்லை, தற்செயல்தான். 32 பிட்டையும் எடுத்துக்கொண்டால் வரும் 4294967295-ஐ மூன்றாலேயே வகுக்கலாம்.

பழைய சிஸ்டம் ஏதாவது கையில் இருந்தால் 2038 ஜனவரி 19-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். 1970 தொடக்கத்திலிருந்து அவை எண்ணிவரும் நொடிகள் நம் நேரப்படி அன்று காலை 8:44:07-க்கு இந்த எண்ணைத் தொடும், அதற்கு மேல் எண்ண இடமிருக்காது.

அக்கா மறுபடி முதலிலிருந்து டைப் செய்தார். நூறு பேர் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார்: "தம்பி, நம்பர் இருக்கான்னு பாத்துட்டுப் போங்க."